பாயசம் குறைந்துவிட்டது என்று அழும் ஐந்து வயது: பகுத்தறியும் திறன் வயதோடு எப்படி வளர்கிறது?

அம்மாபேட்டைத் தாய் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

சென்ற வெள்ளிக்கிழமை வீட்டில் ஜவ்வரிசிப் பாயசம் வைத்தேன். ஐந்து வயது மகனுக்கும் ஒன்பது வயது மகளுக்கும் ஒரே மாதிரியான இரண்டு டம்ளர்களில் ஊற்றி, இருவரும் எட்டிப் பார்த்துச் சமம் என்று ஒப்புக்கொண்ட பிறகே கையில் கொடுத்தேன். சூடு ஆறட்டும் என்று மகனுடையதை மட்டும் அகன்ற கிண்ணத்துக்கு மாற்றினேன். மாற்றியதுதான் தாமதம், "அக்காவுக்கு நிறைய, எனக்குக் கொஞ்சம்" என்று அழத் தொடங்கிவிட்டான். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை என்பதை அவனே பார்த்துக்கொண்டிருந்தான். "டேய், அதையே திரும்ப டம்ளரில் ஊற்றினால் பழையபடிதானே வரும்" என்று மகள் சொல்லிப் பார்த்தாள். அவன் கேட்கவில்லை. கடைசியில் அவள் தன் டம்ளரையே அவனிடம் கொடுத்துவிட்டாள்.

வேறு நேரமாக இருந்தால் இதைச் சிரித்து மறந்திருப்பேன். ஆனால், அதே வாரத்தில் அவன் படிக்கும் மழலையர் பள்ளியிலிருந்து வந்த மதிப்பீட்டு அட்டையில், "பகுத்தறியும் திறன் வயதுக்கேற்ற அளவில் இல்லை" என்று எழுதியிருந்தார்கள். தனிப்பயிற்சி வகுப்பு ஒன்றில் சேர்க்கும்படியும் கூறினார்கள். என் கணவர் தறி ஓட்டுகிறார். அந்தக் கட்டணம் எங்களுக்கு எளிதன்று. பணத்தைக்கூட எப்படியாவது புரட்டிவிடலாம். பிள்ளையிடம் உண்மையிலேயே குறை இருக்கிறதா என்ற கேள்விதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. எந்த வயதில் எந்த அளவுக்கு யோசிக்க வேண்டும் என்று கணக்கு ஏதேனும் உண்டா? இன்று மகள் சொன்னதை, அவளுடைய ஐந்து வயதில் சொல்லியிருப்பாளா என்பது எனக்கு நினைவில்லை. விவரம் அறிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

அஸ்தம்பட்டி விரிவுரையாளர் எழுதியது:

சகோதரி, நான் கல்லூரியில் உளவியல் கற்பிப்பவன். உங்கள் அடுப்படியில் தற்செயலாக நடந்தது, குழந்தை உளவியலில் மிகவும் புகழ்பெற்ற சோதனைகளில் ஒன்று. அதை வடிவமைத்தவர் சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ழான் பியாஜே (1896–1980). ஒரே அளவுள்ள இரண்டு கண்ணாடிக் குவளைகளில் நீர் ஊற்றி, ஒன்றை மட்டும் வேறு வடிவக் குவளைக்கு மாற்றி, எதில் அதிகம் என்று கேட்பார். நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர் நீர் மட்டம் உயர்ந்து நிற்கும் குவளையைத்தான் காட்டுவார்கள். உங்கள் மகன் செய்ததும் அதுவே.

பியாஜே இந்த வழிக்கு எப்படி வந்தார் என்பது உங்கள் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடையது என்பதால் சொல்கிறேன். இளம் வயதில் அவர் பாரிஸ் நகரில், அறிவுத்திறன் தேர்வுக்கு முன்னோடியான ஆல்ஃபிரட் பினேயின் பெயரோடு இணைந்த ஆய்வுக்கூடத்தில், ஆங்கிலத்தில் இருந்த தர்க்கத் தேர்வு ஒன்றைப் பிரெஞ்சுக் குழந்தைகளுக்கு ஏற்றபடி தரப்படுத்தும் வேலையைச் செய்தார். எத்தனை விடைகள் சரி என்று எண்ணுவதுதான் அவருக்கு இடப்பட்ட பணி. அவரோ தவறான விடைகளில் மனத்தைப் பறிகொடுத்தார். ஒரே வயதுக் குழந்தைகள் ஏறக்குறைய ஒரே மாதிரியான தவறுகளைச் செய்வதைக் கண்டு, அந்தத் தவறுகளுக்குப் பின்னால் ஒரு சிந்தனை முறை இருக்க வேண்டும் என்று கருதி, அதைத் தேடியே வாழ்நாளைச் செலவிட்டார். உங்கள் மகனின் விடையும் அப்படிப்பட்டதுதான். "உயரமாக நின்றால் அதிகம்" என்பது அவனுடைய விதி, அந்த விதிப்படி அவன் ஒழுங்காகவே முடிவுக்கு வந்திருக்கிறான்.

நீங்கள் கேட்ட வயதுக் கணக்கைப் பியாஜே சொன்னபடியே தருகிறேன். பொருள்களைப் பரப்பி வைத்தாலும் எண்ணிக்கை மாறாது என்பது ஆறு, ஏழு வயதில் உறுதிப்படும். நீரின் அளவும் களிமண்ணின் அளவும் மாறாது என்பது ஏழு, எட்டு வயதில். உருவம் மாறினாலும் எடை மாறாது என்பது ஒன்பது, பத்து வயதில். அது நீரில் அடைத்துக்கொள்ளும் இடமும் மாறாது என்பது பதினொன்று, பன்னிரண்டு வயதில். ஒரே கருத்துதான், ஆனாலும் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக, ஆண்டுகள் இடைவெளி விட்டு அது கைவருகிறது. உங்கள் மகள் "திரும்ப ஊற்றினால் பழையபடி வரும்" என்றாளே, நடந்ததை மனத்துக்குள் பின்னோக்கி ஓட்டிப் பார்க்கும் அந்தத் திறனையே ஏழு வயதுக்கு மேல் வரும் பெரிய மாற்றமாகப் பியாஜே கண்டார்.

உயரம், அகலம் இரண்டையும் ஒரே நேரத்தில் மனத்தில் பிடித்து வைத்தால்தான் ஒன்று கூடியதை மற்றொன்று ஈடுகட்டுகிறது என்பது தெரியும். ஐந்து வயதுக் குழந்தை, காதால் கேட்ட எண்களில் நான்கு அளவுக்குத்தான் வரிசை மாறாமல் திருப்பிச் சொல்லும்; பெரியவர்கள் ஏழு வரை சொல்கிறோம். நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் பகுதி முழு முதிர்ச்சி அடைவது இருபது வயதையும் தாண்டித்தான். ஆகவே, ஐந்து வயதில் இந்த விடை வருவதைக் குறை என்று எழுதுவது சரியன்று என்பதே என் உறுதியான கருத்து.

ஏற்காட்டு ஓய்வாசிரியை எழுதியது:

விரிவுரையாளர் ஐயா எழுதியதை மதிப்போடு படித்தேன். முடிவில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால், ஐந்து வயதில் "முடியாது" என்று அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியுமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. சேர்வராயன் மலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளோடு இருந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

வகுப்பில் நான் ஒரு கேள்வியைக் கேட்டு, பிள்ளை விடை சொன்ன பிறகு அதே கேள்வியை மீண்டும் கேட்டால், தொண்ணூறு விழுக்காடு பிள்ளைகள் விடையை மாற்றிவிடுவார்கள். முதல் விடை தவறு, அதனால்தான் ஆசிரியர் மறுபடி கேட்கிறார் என்பது அவர்கள் புரிதல். பியாஜேயின் சோதனையில் நடப்பதும் இதுதானே? முதலில் "சமமா?" என்று கேட்கிறோம். பிறகு பெரியவர் ஒருவர் வேண்டுமென்றே எதையோ மாற்றிவிட்டு மறுபடி "சமமா?" என்கிறார். ஏதோ மாறியிருக்க வேண்டும் என்று குழந்தை நினைப்பது இயல்பு. 1974இல் சூசன் ரோஸ், மேரியன் பிளாங்க் என்ற இரு ஆய்வாளர்கள், மாற்றிய பிறகு ஒரே ஒரு முறை மட்டும் கேட்டுப் பார்த்தார்கள், தவறுகள் குறைந்தன. அதே காலத்தில் எடின்பரோவில் மார்கரெட் டொனால்ட்சனும் ஜேம்ஸ் மெக்கேரிகிலும் சமமான இரண்டு வரிசைகளாக அடுக்கிய வில்லைகளில் ஒரு வரிசையை ஒரு குறும்புக் கரடி பொம்மை கலைத்துவிடுவதைப் போல் நடித்தார்கள். பெரியவர் கை வைத்துக் கலைத்தபோது தடுமாறிய நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகளில், பொம்மை கலைத்தபோது பல மடங்கு பேர் "சமம்தான்" என்று சரியாகச் சொன்னார்கள். வயது மாறவில்லை, கேட்ட விதம்தான் மாறியது.

இன்னொன்றும் உண்டு. எங்கள் பகுதியில் காப்பித் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள் நடக்கத் தொடங்கும் நாளிலிருந்தே களத்தில் வளர்கிறார்கள். காப்பிப் பழம் கூடையில் வந்து குவியும், காலையில் பரப்புவார்கள், மாலையில் மறுபடி குவிப்பார்கள். "பரப்பியதும் பழம் அதிகமாகிவிட்டதா?" என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு முறை கேட்டேன். என்னைப் பாவமாகப் பார்த்து, "அதே பழந்தானே டீச்சர்" என்றார்கள். அதே பிள்ளைகள், கரும்பலகை அருகே சோழிகளைப் பரப்பிக் கேட்டபோது "இதில் அதிகம்" என்றார்கள். மெக்சிகோவில் மண்பாண்டம் செய்யும் குடும்பத்துப் பிள்ளைகள், களிமண்ணின் அளவு மாறாது என்பதில் மற்றப் பிள்ளைகளைவிட முன்னால் நின்றதாக 1969இல் வெளிவந்த ஓர் ஆய்வைப் பிற்காலத்தில் படித்தபோது, எங்கள் காப்பிக் களம்தான் நினைவுக்கு வந்தது.

அம்மா, அந்த அட்டையை எழுதியவர்கள் உங்கள் மகனிடம் என்ன கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள், எத்தனை முறை கேட்டார்கள் என்பதை நேரில் சென்று விசாரியுங்கள். அது தெரியாமல் அந்த ஒரு வரிக்கு எந்த மதிப்பும் இல்லை.

வாழப்பாடி விவசாயி எழுதியது:

டீச்சர் சொன்னதைப் படித்ததும் என் மகனைப் பற்றி எழுதத் தோன்றியது. அவனுக்குப் பன்னிரண்டு வயது, ஏழாம் வகுப்பு. விடுமுறை நாள்களில் என்னுடன் சேலத்து உழவர் சந்தைக்கு வந்து உட்காருவான். கிலோ இருபத்தெட்டு ரூபாய்த் தக்காளியை ஒருவர் முந்நூற்றைம்பது கிராம் கேட்டால், "கால் கிலோ ஏழு ரூபாய், நூறு கிராம் இரண்டு எண்பது, ஆக ஒன்பது எண்பது, பத்து ரூபாயாகக் கொடுத்துவிடுங்கள்" என்று மூச்சு விடாமல் சொல்வான். அதே மகன் பள்ளித் தேர்வில் 28 × 0.35 என்ற கணக்குக்கு 98 என்று எழுதிவிட்டு வந்தான். முந்நூற்றைம்பது கிராம் தக்காளிக்குத் தொண்ணூற்றெட்டு ரூபாயா என்று நான் கேட்ட பிறகுதான் அவனுக்கே திகைப்பு. "அது கணக்குப்பா, இது வியாபாரம்" என்றான்.

அவனுக்குப் பகுத்தறிவு இருக்கிறதா, இல்லையா? இரண்டில் எதை வைத்து முடிவு செய்வது? பள்ளியில் அவனை மெதுவாகக் கற்பவன் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். எனக்கு இது மிகுந்த வருத்தம்.

சூரமங்கலம் தந்தை எழுதியது:

எல்லாரும் ஒரே பக்கமாகப் பேசுவதால் மறுபக்கத்தையும் வைக்கிறேன். நான் என் ஆறு வயது மகளை ஓராண்டாகப் பயிற்சி வகுப்புக்கு அனுப்புகிறேன். புதிர்களை முன்பைவிட விரைவாகப் போடுகிறாள். வயது வந்தால் தானாக வரும் என்று காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நடக்கவும் பேசவும் நாம் பழக்குவதைப் போல யோசிக்கவும் பழக்கினால் என்ன தவறு? நகரத்துப் பிள்ளைகள் நான்கு வயதிலேயே பழகிவிட, நம் பிள்ளைகள் ஏழு வயது வரை காத்திருந்தால் பின்தங்க மாட்டார்களா?

அஸ்தம்பட்டி விரிவுரையாளர் எழுதியது:

டீச்சரின் திருத்தத்தை முழுமனத்தோடு ஏற்கிறேன். பியாஜேயின் வயதுக் கணக்கைச் சட்டம் போல எழுதிவிட்டேன். அது சராசரி மட்டுமே, அதுவும் அவர் கேட்ட விதத்தில் கேட்டால் கிடைக்கும் சராசரி.

விவசாயி அண்ணா, உங்கள் மகனைப் போன்ற பிள்ளைகளைத் தேடிச் சென்றே ஆராய்ந்திருக்கிறார்கள். பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்களில் இளநீரும் பழமும் விற்ற, ஒன்பது முதல் பதினைந்து வயது வரையிலான ஐந்து சிறுவர் சிறுமியரிடம் வாடிக்கையாளரைப் போல் நின்று கணக்குக் கேட்டபோது, 98 விழுக்காடு விடைகள் சரியாக வந்தன. அதே எண்களைத் தாளில் வெறும் கணக்காகக் கொடுத்தபோது சரியானவை 37 விழுக்காடுதான். இது 1985இல் வெளியானது. 2025இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ, எலிசபெத் ஸ்பெல்கி முதலியோர் கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தையில் வேலை செய்யும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வும் இதையே கண்டது. அதில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது மறுபாதி: வேலைக்குச் செல்லாமல் பள்ளியில் மட்டும் படித்த பிள்ளைகள் தாள் கணக்கை நன்றாகச் செய்தும், சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். இரு சாராரிடமும் திறமை உண்டு. ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் பாலம் போடுவதுதான் நடக்கவில்லை. உங்கள் மகனைத் தாளில் எழுதும் ஒவ்வொரு கணக்கையும் தக்காளிக் கணக்காக மாற்றிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். 98 என்ற விடையைக் கண்டு அவன் திகைத்தானே, அந்தத் திகைப்பு அவனுக்குத் தானாகவே எழும் வரை அதைச் செய்யச் சொல்லுங்கள்.

சூரமங்கலத்து அன்பர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. பயிற்சியால் முடியவே முடியாது என்று நான் சொன்னால் அது பொய். ரோஷல் கெல்மன் 1969இல், எதைக் கவனிக்க வேண்டும் என்பதைப் படிப்படியாகப் பழக்கியே ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு எண்ணிக்கை மாறாது என்பதைப் புரியவைத்தார். ஆனால், எந்தப் பயிற்சி என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ராபர்ட் சீக்லர் 1995இல் ஐந்து வயதுக் குழந்தைகளை மூன்று குழுக்களாகப் பிரித்து, அதே எண்ணிக்கைக் கேள்வியைக் கேட்டார். ஒரு குழுவுக்கு விடை சரியா தவறா என்பதை மட்டும் சொன்னார். இரண்டாவது குழுவிடம் "நீ ஏன் அப்படி நினைத்தாய்?" என்றும் கேட்டார். மூன்றாவது குழுவிடம் சரியான விடையைச் சொல்லிவிட்டு, "இது எனக்கு எப்படித் தெரிந்திருக்கும், சொல் பார்ப்போம்" என்று கேட்டார். மூன்றாவது குழுவே அதிகம் முன்னேறியது. பெரியவர் சிந்தனைக்குள் நுழைந்து அதன் காரணத்தைத் தேடியதால் வந்த முன்னேற்றம் அது. உங்கள் மகள் புதிர்களை விரைவாகப் போடுகிறாள் என்றீர்கள். ஏன் அந்த விடை என்று அவள் வாயால் சொல்ல முடிகிறதா என்பதையும் கவனியுங்கள். முடிகிறது என்றால் வகுப்பு நல்ல வகுப்பு.

சீக்லரின் இன்னொரு கருத்தையும் சேர்த்துவிடுகிறேன். வளர்ச்சி படிக்கட்டு அன்று, ஒன்றன்மேல் ஒன்று ஏறிவரும் அலைகளைப் போன்றது என்பார். பழைய முறையும் புதிய முறையும் ஒரே குழந்தையிடம், ஒரே வாரத்தில், ஏன் ஒரே நாளில்கூட மாறி மாறித் தோன்றும். ஒரு நாள் வைத்த தேர்வைக் கொண்டு குழந்தையை அளப்பதை நான் ஏற்காததற்கு இதுவே காரணம்.

ஏற்காட்டு ஓய்வாசிரியை எழுதியது:

ஐந்து வயதையே பேசிக்கொண்டிருக்கிறோம். பத்து வயதுக்கு மேலும் பெரிய வளர்ச்சி ஒன்று இருக்கிறது, அதைப் பெற்றோர் பலர் கவனிப்பதில்லை.

நூலில் கல்லைக் கட்டி ஆட்டினால், அது எவ்வளவு விரைவாக ஆடும் என்பதை முடிவு செய்வது எது? கல்லின் எடையா, நூலின் நீளமா, இழுத்துவிடும் வேகமா? பியாஜேயும் பெர்பெல் இன்ஹெல்டரும் பிள்ளைகளுக்குக் கொடுத்த புதிர் இது. நான் இதை நான்காம் வகுப்பிலும், பிறகு அதே பிள்ளைகள் எட்டாம் வகுப்புக்குச் சென்றபோதும் செய்து பார்த்திருக்கிறேன். ஒன்பது வயதில் அவர்கள் கல்லையும் மாற்றுவார்கள், நூலையும் சேர்த்து மாற்றுவார்கள். ஆட்டம் மாறியதும், "கல்தான் காரணம்" என்று அடித்துச் சொல்வார்கள். பதின்மூன்று வயதில் சிலர், எல்லாரும் அல்லர், "முதலில் நூலை அப்படியே வைத்துக்கொண்டு கல்லை மட்டும் மாற்றுவோம்" என்றார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் ஆசிரியையாக இருந்தேன் என்று இன்றும் நினைக்கிறேன். நீளம் மட்டுமே காரணம் என்று அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஆடுபுலி ஆட்டத்திலும் இதைக் காணலாம். மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆறு வயதுப் பிள்ளை ஆட்டை எங்கு வைக்க இடம் இருக்கிறதோ அங்கு வைக்கும். எட்டு, ஒன்பது வயதில் "இங்கு வைத்தால் புலி தாவிவிடும்" என்று ஒரு அடி முன்னால் பார்க்கும். பதினொன்று, பன்னிரண்டில் ஓர் ஆட்டை வேண்டுமென்றே பலி கொடுத்துப் புலியை மூலைக்கு இழுக்கும். இதற்குக் கட்டணம் இல்லை, தரையில் கோடு கிழித்தால் போதும்.

நேரில் காணாததைப் பற்றித் தர்க்கம் செய்வது வேறொரு திறன். ரஷ்ய உளவியலாளர் அலெக்சாந்தர் லூரியா 1931, 1932 ஆண்டுகளில் உஸ்பெகிஸ்தானில், பள்ளிக்குச் செல்லாத விவசாயிகளிடம், "தூர வடக்கில் கரடிகள் எல்லாம் வெள்ளை. இன்ன ஊர் தூர வடக்கில் இருக்கிறது. அங்கே கரடி என்ன நிறம்?" என்று கேட்டார். "நான் அங்கே சென்றதில்லை, பார்த்தவரைக் கேளுங்கள்" என்ற வகையில் பதில் வந்தது. அவர்களுக்கு அறிவு குறைவு என்று யார் சொல்வார்கள்? தெரியாததைத் தெரிந்தது போல் வைத்துக்கொண்டு பேசுவது பள்ளியில் பழகும் ஒரு விளையாட்டு. சிறு குழந்தைகளும் அப்படியே பதில் சொல்வார்கள். ஆனால், அதையே கதையாக்கினால் நிலைமை மாறுகிறது. மரியா டியாஸ், பால் ஹாரிஸ் ஆகியோர் 1988இல் இதை நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளிடம் காட்டினார்கள். நானும் என் பேத்தியிடம், "வேறொரு கிரகத்தில் காக்கைகள் எல்லாம் நீலம். அங்கே ஒரு காக்கை பிறந்தது. என்ன நிறம்?" என்று கேட்டேன். நான்கரை வயது. தயங்காமல் "நீலம்" என்றாள். நம் ஊர்க் காக்கை என்று கேட்டிருந்தால் "கறுப்பு" என்று என்னைத் திருத்தியிருப்பாள்.

அம்மாபேட்டைத் தாய் எழுதியது:

பத்து நாள்களாக எழுதவில்லை, மன்னியுங்கள். நீங்கள் சொன்னவற்றை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன்.

பள்ளிக்குச் சென்று கேட்டேன். ஒரே நாளில், ஒரே தாளில், படங்களை வரிசைப்படுத்தச் சொல்லி மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். என்ன யோசித்தான் என்று அவனிடம் யாரும் கேட்கவில்லை. வகுப்பில் சேர்க்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் முதலில் மோரை வைத்துச் செய்தேன். இந்த முறை நான் மாற்றவில்லை. மகள் தன் டம்ளரில் விரிசல் இருப்பதாகச் சொல்லி அவளே கிண்ணத்துக்கு மாற்றிக்கொண்டாள். ஒரே ஒரு முறை கேட்டேன். "அதேதான், அக்கா மாத்திக்கிட்டா" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் சப்பாத்தி மாவில் இரண்டு சம உருண்டைகள் செய்து, ஒன்றைப் பாம்பு போல் உருட்டினேன். "பாம்புதான் நிறைய" என்றான். விரிவுரையாளர் ஐயா சொன்னபடி, "இரண்டும் சமம்தான், அது அம்மாவுக்கு எப்படித் தெரியும், சொல் பார்ப்போம்" என்று கேட்டேன். வெகு நேரம் மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். பாம்பைத் தொட்டு, "இது நீளமா இருக்கு" என்றான். பிறகு விரலால் அதன் நடுவை அழுத்திப் பார்த்துவிட்டு, "ஆனா ஒல்லியா இருக்கு" என்றான். சமம் என்று இன்னும் சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

டீச்சர் அம்மா, மகள் கல்லும் நூலும் வேண்டும் என்று நச்சரிக்கிறாள். ஒன்பது வயதுதான் ஆகிறது. இப்போது செய்யலாமா, பதின்மூன்று வரை பொறுக்க வேண்டுமா?

ஏற்காட்டு ஓய்வாசிரியை எழுதியது:

இன்றே செய்யுங்கள் அம்மா. தறியில் மீந்த நூல் வீட்டில் இருக்கும். ஒரு முழம், இரண்டு முழம் என இரண்டு துண்டுகள் வெட்டிக்கொள்ளுங்கள், பெரியதும் சிறியதுமாக இரண்டு கற்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் பத்து முறை ஆட எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரத்தைப் பார்த்து அவளே எழுதட்டும். அவள் இரண்டையும் ஒன்றாக மாற்றினால் தடுக்காதீர்கள். தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்து, அக்கா என்ன செய்கிறாள் என்பதை அவனுக்கு விளக்கிச் சொல்லும்படி அவளிடமே கேளுங்கள்.